பதினேழு துளைப் பெட்டி

உணவு மேசை உண்பதற்கு உரியது என்னும் கொள்கை, சகாய் நகரத்து நிஷிவாக்கி எய்ஜியின் இல்லத்தில் பதினோரு ஆண்டுகளுக்கு முன்னரே கைவிடப்பட்டிருந்தது. அம்மேசையின் மீது ஆறு குறிப்பேடுகளும், பழைய வானொலிகளில் இருப்பவை போன்ற நூற்று நாற்பது கண்ணாடி வால்வுகளும், ஒருமுறையேனும் சூடேறியிராத ஓர் ஈயப் பற்றவைப்புக் கோலும் குடியிருந்தன. எய்ஜியும் அவருடைய மனைவி மசுமியும் இஸ்திரிப் பலகையின் மீது கிண்ணங்களை வைத்து உண்டு வந்தனர். பலகை ஒரு பக்கம் சற்றே சாய்வானது. ஆகையால், சிந்துவதற்கு முன் மிசோ சூப்பைக் குடித்து முடிப்பது அக்குடும்பத்தின் ஒழுங்காயிற்று.

இத்தனைக்கும் காரணம், வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க வால்வு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை, நான்கு வடிவமைப்புகளுக்குள் எய்ஜி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்ததேயாகும்.

அவர் தென் ஒசாகா வால்வு நண்பர் கழகத்தின் உறுப்பினர். கழகத்தில் பதினெண்மர் இருந்தனர். பதினெழுவர் செய்து முடித்தவர்கள். ஆயினும், எதைச் செய்வது என்ற ஐயம் எழுந்தால் அனைவரும் எய்ஜியையே நாடினர். தானே ஒன்றைச் செய்தவன் தன்னுடையதையே புகழ்வான். எய்ஜியிடம் புகழ்வதற்கு ஏதும் இல்லை என்பதால் அவருடைய சொல் நடுநிலையானது எனக் கருதப்பட்டது. அலுவலகத்திலோ வீட்டிலோ அவருடைய கருத்தை எவரும் கேட்டதில்லை. கழகத்தில் மட்டுமே கேட்டனர்.

அந்தக் கழகத்தின் ஒன்பதாம் விதி பின்வருமாறு கூறியது: சேர்ந்த பன்னிரண்டாம் ஆண்டு நிறைவதற்குள் சொந்தக் கையால் செய்த கருவியை அவையில் வைக்காதவர் பார்வையாளர் ஆவார். பார்வையாளருக்கு நாற்காலி இல்லை. கருத்துரைக்கும் உரிமையும் இல்லை. அவையில் வைக்கும் கருவியின் வால்வு ஒளிர வேண்டும், இரைச்சல் குறைவாக இருக்க வேண்டும் என்பன அவ்விதியின் எஞ்சிய வரிகள். எய்ஜியின் பன்னிரண்டாம் ஆண்டு, வரவிருக்கும் நவம்பர்க் கூட்டத்துடன் நிறைவடைய இருந்தது.

"இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு," என்றாள் மசுமி, பலகையின் மேட்டுப் பக்கத்திலிருந்து. "நாலுல ஒண்ணைத் தொட்டுக் காட்டுங்க. கண்ணை மூடிக்கிட்டுக்கூடத் தொடுங்க."

"அப்படியெல்லாம் தொட முடியாது மசுமி. டிரான்ஸ்ஃபார்மர் வெச்சா ஒரு காதுக்கு ரெண்டு கிலோ கனம். வைக்காம விட்டா சின்ன ஹெட்போனுக்குச் சரிவராது. பாதி வால்வு, பாதி டிரான்சிஸ்டர்னு கலந்து கட்டினா கழகத் தலைவர் கொதானி சான் என் முகத்துலயே முழிக்க மாட்டார்."

"பேட்டரியில ஓடுற அந்தக் குட்டி வால்வு?"

"அதைத் தொட்டாலே மணி அடிக்கிற மாதிரி ஒலிக்கும். பக்கத்துல தும்மக்கூடக் கூடாது."

"அப்போ நீங்க தும்மறதை விடுங்க. எனக்கு மேசை வேணும்."

எய்ஜி தும்மலைக் குறித்து இரண்டு நாட்கள் சிந்தித்தார். மூன்றாம் நாள் ஓர் அலுமினியப் பெட்டியை வாங்கி வந்து, நான்கு வடிவமைப்புகளுக்கும் தேவையான எல்லாத் துளைகளையும் அதிலேயே இட்டார். எதை இறுதியில் தெரிவு செய்தாலும் பெட்டி பொருந்தவேண்டும் என்பது அவருடைய எண்ணம். துளைகள் பதினேழு ஆயின.

மசுமி அதனை ஏந்திப் பார்த்தாள். "தகோயாகி உருண்டை சுடற குழிச் சட்டியா இது? மாவு கரைக்கட்டுமா?"

"இது முன்யோசனை."

"சரி, முன்யோசனைக்காரரே. நாலுக்கும் பொதுவா இருக்கிறது என்னென்னன்னு பாருங்க. முதல்ல அதைக் கட்டிடுங்க. மத்ததைப் பொறவு பார்த்துக்கலாம்."

பதினோரு ஆண்டுகளில் எவரும் கூறாத அறிவுரை அது. எய்ஜி ஆறு குறிப்பேடுகளையும் ஒப்புநோக்கினார். பாட்டை உள்ளே இணைக்கும் துளை, ஒலிக் குமிழ், ஹெட்போன் செருகும் துளை, வால்வுகளைச் சூடேற்றி ஒளிரச் செய்யும் கம்பிகள் ஆகியவையே நான்கிற்கும் பொதுவாக இருந்தன. அவற்றைப் பொருத்தினார். பற்றவைப்புக் கோல் தன் வாழ்வில் முதன்முறையாகச் சூடேறியது. நான்கு வால்வுகள் செம்பழுப்பாக ஒளிர்ந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே எஞ்சிய நாட்களையும் தேர்விலேயே கழித்துவிட்டார். கூட்டத்தன்று காலையில் வேறு வழியின்றி மூடியைத் திருகி, உண்மையை உரைத்து ஒரு மாதம் தவணை கேட்பது எனத் தீர்மானித்து, பெட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு இரயிலேறினார்.

ஆனால் கழகத்தில் எதையும் முதலில் உரைக்க இயலாது. கூட்டம் மௌனச் சுற்றுடன் தொடங்கும். ஒலிக் குமிழை அறவே மூடி, ஹெட்போனை அணிந்து, கருவியினுள் மின்சாரத்தின் இரைச்சல் எவ்வளவு கசிகிறது என மூவர் கேட்பர். இசைச் சுற்று அதற்குப் பிந்தையது. சமூகக் கூடத்தையோ ஐந்து மணிக்குக் காலி செய்ய வேண்டும். இரைச்சலைப் பற்றிய விவாதம் ஐந்து மணிக்கு முன் முடிந்ததே இல்லை. பதினோரு ஆண்டுகளில் அக்கூட்டத்தில் இசை ஒலித்தது ஒரே ஒருமுறைதான். அதுவும் காவலாளியின் கைப்பேசியிலிருந்து.

"தலைவரே, ஒரு விஷயம் சொல்லணும்," என எய்ஜி மெல்லக் கூறினார்.

தலைவர் கொதானி விரலை உதட்டில் வைத்தார். "சுத்து முடியட்டும். இப்போ பேசினா காது கலைஞ்சிடும்."

எய்ஜியின் பெட்டி பதினெட்டாவதாக வந்தது. கொதானி ஹெட்போனை அணிந்து கண்களை மூடினார். அடுத்து, தோக்கியோவிலிருந்து மாற்றலாகி வந்த இகராஷி அணிந்தார். அந்நாட்டில் கிழக்கின் மின்சாரம் நொடிக்கு ஐம்பது துடிப்பும் மேற்கின் மின்சாரம் அறுபது துடிப்பும் உடையவை. இகராஷியின் காது ஐம்பதிலேயே பழகியது என்பதால், மேற்கின் இரைச்சல் அவருக்குப் பிடிபடாது எனப் பிறர் கேலி செய்வது வழக்கம்.

"கேட்கலை," என்றார் இகராஷி.

"உங்களுக்கு எப்போ கேட்டிருக்கு," என்றார் ஒருவர்.

"எனக்கும் கேட்கலை," என்றார் கொதானி. "ஒரு பொட்டுக்கூட இல்லை. நிஷிவாக்கி சான், டிரான்ஸ்ஃபார்மர் வெச்சிருக்கீங்க, இல்லையா? அதான் இவ்வளவு சுத்தம்."

"வைக்காததாலதான் சுத்தம்," என்று மறுத்தார் இகராஷி.

"தலைவரே, அதைத்தான் சொல்ல வந்தேன்," எனத் தொடங்கிய எய்ஜியின் குரல், அவ்விருவருக்கும் ஆதரவாக எழுந்த பதினைந்து குரல்களுள் மூழ்கியது.

மணி நாலே முக்காலாயிற்று. அப்பொழுது செயலாளர் தொகுரா எழுந்தார். இரயில் நிலையத்தில் முப்பது ஆண்டுகள் கால அட்டவணையைக் காத்து ஓய்வுபெற்ற அம்மையார் அவர். மௌனச் சுற்றில் கேட்கும் மூவருள் மூன்றாம் காதும் அவருடையதே.

"இவருக்கு இது பன்னிரண்டாம் வருஷம். பாட்டு வந்தாத்தான் நான் ஒப்புக்குவேன்," என்று கூறி, தாம் கொண்டுவந்திருந்த, பதிவுசெய்த பாட்டை ஒலிக்கும் சிறு கருவியைப் பெட்டியில் இணைத்தார். ஹெட்போனை அணிந்தார். குமிழைத் திருப்பினார். இன்னும் திருப்பினார்.

"ஒண்ணும் கேட்கலை."

"எவ்வளவு திருப்பினீங்க?" என்றார் கொதானி.

"கடைசி வரைக்கும்."

கொதானி நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். "கடைசி வரைக்கும் திறந்துமா இரைச்சல் இல்லை?"

அவையினர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, அப்பெட்டியை நோக்கித் தலை வணங்கத் தொடங்கினர். எய்ஜியால் அதற்கு மேல் தாங்க இயலவில்லை.

"உள்ளே ஒண்ணுமே இல்லை," என்றார். "வால்வு எரியற கம்பி மட்டும்தான். நாலுல எதைக் கட்டறதுன்னு நான் இன்னும் முடிவு பண்ணலை. என்னை மன்னிச்சிடுங்க."

வணங்கியவர்கள் நிமிர்வதா வேண்டாமா என அறியாது அவ்வாறே நின்றனர். கொதானி விதிப் புத்தகத்தைப் பிரித்து ஒன்பதாம் விதியை விரலால் தடவிப் படித்தார்.

"சொந்தக் கையால் செய்தது. சரி. வால்வு ஒளிர வேண்டும். ஒளிருது. இரைச்சல் குறைவாக இருக்க வேண்டும். இதைவிடக் குறைவா எப்படி இருக்கும்? பாட்டைப் பத்தி இதுல ஒரு வரியும் இல்லை."

"அப்போ என் வீட்டு அரிசிக் குக்கரையும் கொண்டு வரலாமே," என்றார் தொகுரா.

"அதுல வால்வு இல்லையே அம்மா."

"இது அநியாயம். பாட்டு வருதான்னு பார்த்துத்தான் ஆகணும்."

"பார்க்கலாம். ஒருத்தரோடதை மட்டும் பார்த்தா நியாயமா இருக்காது, எல்லாரோடதையும் பார்ப்போம்." கொதானி மேசையின் நீளத்தையும் அளப்பவர் போல நோக்கினார். "உங்களோடதுல ஆரம்பிக்கலாமா, தொகுரா சான்?"

பதினேழு கருவிகளைச் செய்த பதினேழு பேரும் தத்தம் செருப்புகளை ஆராய்ந்தனர். பின்வரிசையில் எவரோ தம் கருவியின் மின்கம்பியை ஓசையின்றிப் பிடுங்கி எடுத்தார். கொதானியின் கையும் தம் கருவியின் மூடிமீது தற்செயலாக வந்து அமர்ந்திருந்தது. தொகுரா கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி நாலு அம்பத்தஞ்சு," என்றார். "மேசையெல்லாம் துடைக்கணும்."

இவ்வாறாக நிஷிவாக்கி எய்ஜியின் உறுப்புரிமை ஒருமனதாக நிலைநாட்டப்பட்டது. மௌனச் சுற்றின் கோப்பையும் அவருக்கே வழங்கப்பட்டது. வென்ற கருவி மறுவருடமும் மாற்றமின்றி அவைக்கு வரவேண்டும் என்பது மரபு. ஆதலால் தொகுரா மூடியின் நான்கு திருகுகள் மீதும் காகிதம் ஒட்டி, ஒவ்வொன்றிலும் தம் பெயர் முத்திரையைச் சிவப்பாகப் பதித்தார். நான்காவதைத் தேவைக்கு அதிகமாகவே அழுத்தினார்.

எய்ஜி வீடு திரும்பியபோது மேசை வெறுமையாக இருந்தது. வால்வுகள் பழைய பிஸ்கட் டப்பாக்களில் அடைக்கப்பட்டிருந்தன; மேசைமேல் வறுத்த மீனும் சூப்பும் காத்திருந்தன.

"செஞ்சு முடிச்சுட்டீங்க இல்ல? அப்போ மேசை என்னுது," என்றாள் மசுமி. பின்னர் கோப்பையைக் கண்டாள். "நாற்காலி போகலையே?"

"போகலை. ஆனா இந்தப் பெட்டியை இனிமே திறக்க முடியாது. திறந்தா முத்திரை கிழிஞ்சிடும். இதுல என்னிக்குமே பாட்டு வராது மசுமி. இன்னொரு பெட்டிதான் செய்யணும். அதுக்கு எது சரியா வரும்னு..."

மசுமி பெட்டியை மேசையின் நடுவில் வைத்து மின்சாரத்தில் இணைத்தாள். நான்கு வால்வுகளும் ஒளிர்ந்தன. ஹெட்போனை எடுத்துத் தன் காதுகளில் இறுக்கமாகப் பொருத்திக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் சற்று உரக்க. "நீங்க பேசறது ஒண்ணும் கேட்கலை."

எய்ஜி டிரான்ஸ்ஃபார்மரின் கனத்தைப் பற்றிக் கூறினார். குட்டி வால்வுகளின் குற்றங்களைக் கூறினார். கலப்பு முறை குறித்துத் தம் எண்ணம் மாறிவருவதையும் கூறினார். மசுமி மீனின் முட்களை நீக்கியவாறே, அவர் வாய் நின்ற இடங்களிலெல்லாம் தலையசைத்தாள். மேசை சாய்வின்றி இருந்தமையால் சூப்பை முதலில் குடிக்க வேண்டும் என்பது இருவர் நினைவிலும் இல்லை. அது ஆறிப்போயிற்று.