தரைக்கு அடியில் மூன்றடி

அக்கா வீட்டில் அவன் தண்ணீர் குடிப்பதில்லை. ஐந்து வருடமாக அந்த வீட்டின் நிரந்தரக் கேலி இதுதான். ஊரில் பாதி வீடுகளுக்குக் குழாய் போட்டவன், சொந்த அக்கா வீட்டுக்கு வரும்போது மட்டும் தோள்பையில் தண்ணீர் பாட்டிலோடு வருவான்.

“வா மச்சான். சொத்தைக் கையோட கொண்டு வந்துட்டியா?” என்றார் அத்தான், பாட்டிலைப் பார்த்து.

“நம்ம வீட்டுத் தண்ணி அவனுக்குத் தொண்டையில இறங்காதுங்க. பெரிய இடம்” என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

அவன் சிரித்துவைத்துப் பாட்டிலை மேஜைமேல் வைத்தான். பக்கத்தில் குடிநீர் அலுவலகத்தின் படிவம் ஒன்று கிடந்தது. தெருவில் பழைய ஈயக் குழாய்களைத் தோண்டி எடுத்துவிட்டு நீலநிறப் பிளாஸ்டிக் குழாய் பதிக்கிறார்கள்; வீட்டுக்குள் இருப்பது என்ன குழாய் என்று ஒவ்வொருவரும் எழுதித் தரவேண்டும். ஈயம் என்றால் ஆள் வந்து தண்ணீரைச் சோதித்து, குழாயையும் மாற்றிக் கொடுப்பார்கள். இல்லையென்றால் அதோடு சரி. ஓய்வுபெற்ற எழுத்தரான அத்தான் முத்து முத்தாக நிரப்பியிருந்தார்: ‘முழுவதும் பிளாஸ்டிக். மாற்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன.’ கீழே, வேலை செய்தவர் கையொப்பமிடும் இடம் மட்டும் காலி.

“ஒரே ஒரு கையெழுத்து. மதியத்துக்குள்ள கொடுத்துட்டு வந்துடறேன்.” மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினார்.

வேலை அவனுடையதுதான். தெரு வாசலிலிருந்து அடுப்படிச் சுவர் வரைக்கும் பிளாஸ்டிக். அங்கிருந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போகிற மூன்றடி மட்டும் தரைக்கு அடியில் இருந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால், அத்தான் ஆசைப்பட்டுப் போட்டு ஒரு வாரம்கூட ஆகாத தரை ஓடுகளை உடைத்தாக வேண்டும். அவன் உடைக்கவில்லை. புதுக் குழாயைப் பழைய ஈயத் துண்டோடு பித்தளை இணைப்பு வைத்து முடுக்கிவிட்டு, “எல்லாம் முடிஞ்சது அத்தான்” என்றான். மூன்றடிதானே என்று தோன்றியது அப்போது.

ஏழு வருடம் கழித்து, அலுவலகம் நடத்திய பயிற்சி வகுப்பில் ஒரு பெண் பொறியாளர் ஈயக் குழாய் ஒன்றை நெடுக்காகப் பிளந்து காட்டினார். உள்ளே, ஈயத்தைத் தண்ணீரில் கரையவிடாமல் காக்கும் மெல்லிய படலம். வெட்டும்போது அது உதிரும், பித்தளையோடு சேருமிடத்தில் ஈயம் இன்னும் வேகமாகக் கரையும், அரைகுறையாக மாற்றுவது சில சமயம் மாற்றாமல் விடுவதைவிட மோசம் என்றார். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. யாருக்கும் நல்லதில்லை, குழந்தைகளுக்கு மூளையிலேயே கை வைக்கும். அன்றிலிருந்துதான் பாட்டில்.

எத்தனையோ முறை வாய்வரை வந்தது. அந்த வீட்டில் குழந்தை இல்லையே என்று சொல்லி ஒவ்வொரு முறையும் விழுங்கிக்கொண்டான். ஒருமுறை மட்டும் சுற்றிவளைத்து, “காலையில தண்ணியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுட்டுப் பிடி அக்கா” என்றான். “தண்ணியை வீணாக்கச் சொல்ற ஒரே குழாய்க்காரன் நீதான்டா” என்று அக்கா சிரித்தாள். அதுவும் அதோடு போயிற்று.

இரண்டு மாதத்துக்கு முன் அக்கா மகள் கைக்குழந்தையோடு இங்கேயே வந்துவிட்டாள். வெளியூர் வேலையில் இருந்த அவன் செய்தி கேட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தாய்ப்பால்தானே குடிக்கும் என்று பிறகு மனதைத் தேற்றிக்கொண்டான்.

“வாங்க பைப்பு மாமா.” தோளில் குழந்தையோடு அவள் அடுப்படிக்குப் போனாள். மேடையில் பால்பொடி டப்பா இருந்தது.

அவன் டப்பாவையே பார்த்தான். “பால்பொடியா குடுக்கறே?”

“எனக்குப் பால் பத்தலை மாமா. வந்ததுலேர்ந்து இதான். ஒரு நாளைக்கு ஆறு தடவை. மொடாக் குடிகாரி இவ.”

“தண்ணி?”

“எழுந்ததும் முத தண்ணியைப் பிடிச்சு வெச்சுடுவேன். பயப்படாதீங்க, கால் மணி நேரம் கொதிக்க விடறேன்.”

முதல் தண்ணீர். இரவெல்லாம் அந்த மூன்றடிக்குள் தேங்கிக் கிடந்த தண்ணீர். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் வற்றும். ஈயம் அப்படியே இருக்கும்.

“மச்சான், பேனா காயுது” என்றார் அத்தான்.

அவள் பாத்திரத்தைப் பால் புட்டிமேல் சாய்த்தாள்.

“ஊத்தாதே.”

குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னான். பிறகு மற்றதையெல்லாம் சொன்னான், தரையைப் பார்த்தபடி. மூன்றடி, பித்தளை, ஓடு. “அப்போ எனக்குத் தெரியாது” என்று முடித்தான்.

அத்தான் பேனாவை மெதுவாக மூடினார். அக்கா அடுப்பை அணைத்தாள்.

அக்கா மகள் மேஜைமேலிருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதான் நீங்க இங்க தண்ணி குடிக்கறதில்லையா?”

ஐந்து வருடம் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அந்த அறையிலேயே எங்கோ நிற்பதுபோல இருந்தது.

“இவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரியுமா?”

“தெரியும்.”

“இருந்தா? எடுத்துட முடியுமா?”

“முதல்ல பார்க்கணும்மா.”

“அது நான் கேட்டதுக்குப் பதில் இல்ல.”

அவள் வந்து பாட்டிலை எடுத்தாள். “இது எந்தத் தண்ணி?”

“எங்க வீட்டுது. அங்க முழுசா மாத்திட்டேன்.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவன் காதில் விழுந்தது. அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. வேறு பாத்திரம் எடுத்து, பாட்டிலில் இருந்ததை அதில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். இரண்டு வேளைக்குத்தான் வரும்.

அவன் தண்ணீரை நிறுத்திவிட்டுப் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தான். தொட்டிக்குக் கீழே மண்டியிட்டான். அக்கா பன்னிரண்டு வருடமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த ஓடு. அவன் முகமே அதில் மங்கலாகத் தெரிந்தது. முதல் அடியிலேயே விரிசல் விட்டது. சத்தத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. அவன் கை நின்றுபோயிற்று.

“நிறுத்தாதீங்க” என்றாள் அக்கா மகள்.