நம்ம பாப்பா குரல்

ரிப்பேர் மேசையின் மூன்றாவது இழுப்பறை திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்தாள். இறப்பைப் பதிவு செய்ய அப்பாவின் அடையாள அட்டை வேண்டும். அதை எங்கே வைத்தார் என்று அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அவரோ முன்னறையில், நெஞ்சு வரை வெள்ளைத் துணி போர்த்தி, யாரையும் சட்டை செய்யாமல் படுத்திருந்தார்.

இழுப்பறை வெடுக்கென்று வந்தது. பழைய ரேடியோக் குமிழ்கள், ஈயக் கம்பிச் சுருள், அதற்கடியில் ரப்பர் பேண்டு போட்ட மாத்திரை அட்டைகள். பிரஷர் மாத்திரை. மொத்தம் நான்கு அட்டை. ஒன்றில் இரண்டே இரண்டு குழி காலி. மற்றவை கடையில் வாங்கினபடியே இருந்தன.

அடையாள அட்டை அவளுக்கு மறந்துபோயிற்று.

நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டார். அவள் ரயில் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு மட்டும் மிச்சமிருந்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். "மாத்திரை ஒழுங்கா போட்டாரா?" என்று கேட்டதற்கு, "கடிகாரம் தோத்துடும் டாக்டர்" என்று இவள்தான் அடித்துச் சொன்னாள். பத்து நாளைக்கு ஒருமுறை போன் செய்கிறவளுக்கு வாய் மட்டும் எவ்வளவு நீளம்!

அம்மாவைப் பட்டறைக்குள் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா மாத்திரையே போடலியா?"

அம்மா மூக்கைச் சிந்தினாள். அழுது அழுது கண் இரண்டும் கோடாகியிருந்தன. "நிறுத்திட்டாருடி. ஒன்றரை மாசமாச்சு. நானும்தான் நிறுத்தினேன்."

இருவருக்கும் ஒரே மாத்திரை. "எனக்கும் உங்கம்மாவுக்கும் பொருந்தின ஒரே விஷயம் இதுதான்" என்று அப்பா சிரிப்பார்.

"யாரைக் கேட்டும்மா நிறுத்தினீங்க?"

அம்மா அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"உன்னைக் கேட்டுத்தான்."

மேசைமேல் கிடந்த அப்பாவின் போனை எடுத்து, இரண்டு தட்டு தட்டி நீட்டினாள். பூட்டே போடாத போன். தெருக்காரர்களின் குழுவில் அப்பா ஒரு வீடியோவை அனுப்பியிருந்தார். பச்சை இலை, வெள்ளைக் கோப்பை, ஓரத்தில் செய்தி நிறுவனத்தின் முத்திரை. குரல் தொடங்கியது. "தினமும் பிரஷர் மாத்திரை விழுங்குகிறீர்களா? அதை இன்றே தூக்கிப் போடலாம். ஆனால் இந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள்..."

அவளுடைய குரல்தான். வேகத்தைக் கூட்டி, கொஞ்சம் கனமாக்கியிருந்தார்கள். அதற்குக் கீழே அப்பா எழுதியிருந்தார்: 'நம்ம பாப்பா குரல். பேப்பர்ல வேலை பார்த்த பொண்ணு, விசாரிக்காம சொல்ல மாட்டா. நம்பிச் செய்யலாம்.'

நாற்பது கைகள் கும்பிட்டிருந்தன.

"இது நான்தான்னு அப்பாவுக்கு எப்படிம்மா தெரியும்?"

"முப்பத்தஞ்சு வருஷம் ரேடியோவையும் ஸ்பீக்கரையும் கட்டிக்கிட்டு அழுத மனுஷன். நீ 'ஆனால்' சொல்றதுக்கு முன்னாடி குட்டியா ஒரு மூச்சு இழுப்பியாம். சின்னப் புள்ளைல பொய் சொல்றப்பவும் அப்படித்தான் இழுப்பியாம். ஒரு நாள் சோத்துத் தட்டோட எழுந்திரிச்சு, 'ஏய், பாப்பாடி!'ன்னு கத்தினார். அதுலேருந்து நாள் பூரா உன் குரல்தான் இந்த வீட்டுல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"பேப்பர்ல உன் பேரு வர்றதில்லன்னு அவருக்குத் தெரியாதா? தினம் தேடுவார். நீ வேலை மாறினதை மறைச்சுட்ட. சரி, அவ வாயால சொல்லட்டும்னு இருந்தார்." யாரோ கூப்பிட, அம்மா முன்னறைக்குப் போனாள்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருடத்துக்கு முன் பேப்பரின் பக்கங்களைக் குறைத்து, இனி வீடியோதான் என்று முடிவெடுத்தது நிறுவனம். நிருபர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. குரல் நன்றாக இருக்கிறது என்று இவளை மட்டும் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். நிருபராக இருந்த காலத்தில், ஒரு இரங்கல் செய்தியில் வயது தப்பாகிவிடுமோ என்று மூன்று பேருக்குப் போன் போட்டவள். இப்போது நாளுக்கு நான்கு ஸ்கிரிப்ட். யார் எழுதுகிறார்கள், எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டதே இல்லை. நான் வாசிக்கிறவள், எழுதுகிறவள் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நல்ல சமாதானம், ஒரு உயிர் போகும்வரை தாங்கியது.

அவள் போன் அதிர்ந்தது. மேனேஜர். 'அப்பா விஷயம் கேள்விப்பட்டேன், ரொம்ப வருத்தம். நாளைக்கு ஒரு ரெண்டு ஸ்கிரிப்ட் மட்டும் வீட்லேருந்தே முடியுமா? பிரஷர் வீடியோ பிச்சிக்கிட்டுப் போகுது. அடுத்தது சுகர்.'

வாசலில் அடுத்த வீட்டுத் தையல்காரர் நின்றார். அப்பாவின் உயிர்ச் சிநேகிதர். கழுத்தில் அளவு டேப்பைக்கூட எடுக்காமல் வந்திருந்தார்.

"பாப்பா, மனசை விட்டுடாதே. வயசாச்சு, போய்ச் சேர்ந்துட்டான். கடைசி வரைக்கும் உன் பெருமைதான் பேசினான். உன் வீடியோவைப் பார்த்து நானும் மாத்திரைக்கு முழுக்குப் போட்டுட்டேனே! தெருவுல பாதிப் பேர் அப்படித்தான். தலை மட்டும் அப்பப்ப கிறுகிறுங்குது. பழகிடும்ல?"

தலையை ஆட்டினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

சும்மா இருந்தால் போதும். சுடுகாட்டுக்கு வண்டி மூன்று மணிக்கு வரும். வயசாச்சு என்று ஊரும் சொல்லிவிட்டது. இந்த அட்டைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டால் முடிந்தது; அப்பாவுக்கும் கடைசி வரை பெருமையான மகளாகவே இருந்துவிடலாம். ஒவ்வொருவரிடமும் தனியாக, ரகசியமாகச் சொல்லிக்கொள்ளலாமே என்றும் தோன்றியது. யார் யார் நிறுத்தினார்கள் என்று யாருக்குத் தெரியும்? இன்று ராத்திரியே ஒருத்தர் சாய்ந்தால்?

அப்பாவின் போனை எடுத்தாள். அந்தக் குழுவில் அவர் பெயருக்குத்தான் மதிப்பு.

முதல் தடவை பதிவு செய்தபோது வீடியோக் குரலே வந்தது, ஏற்ற இறக்கத்தோடு, பளபளவென்று. சீ என்று அழித்தாள். இரண்டாவது தடவை அழுகை வந்தது. அதையும் அழித்தாள். மூன்றாவதை அப்படியே அனுப்பினாள்.

முன்னறையில் ஒரே சமயத்தில் பத்துப் பதினைந்து போன்கள் 'டிங்' என்றன. தையல்காரர் திரையைப் பார்த்து வெலவெலத்துப் போனார். இறந்தவரின் பெயர். பக்கத்து நாற்காலிக்காரர் ஒருமுறை பிணத்தையும் ஒருமுறை போனையும் பார்த்தார். யாரோ அழுத்திவிட்டார்கள். அப்புறம் ஒவ்வொருவராக அழுத்தினார்கள். முன்னும் பின்னுமாக, அறை முழுக்க அவள் குரல்.

"நான் பாப்பா பேசுறேன். வீடியோல பேசினது நான்தான். ஆனா... அது நான் விசாரிச்சுச் சொன்னதில்ல. எழுதிக் குடுத்ததை வாசிச்சேன். யார் எழுதினாங்கன்னுகூடத் தெரியாது. அப்பா என்னை நம்பி மாத்திரைய நிறுத்தினார். அதனாலதான் போயிட்டார். நிறுத்தினவங்க எல்லாரும் இன்னிக்கே டாக்டரைப் பாருங்க. தயவுசெஞ்சு."

ஒரு போனில் 'அப்பா', இன்னொன்றில் 'டாக்டர்', மற்றொன்றில் அந்தக் குட்டி மூச்சு. ஒவ்வொன்றாக அடங்கின. "அடிப்பாவி" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி, மெதுவாகத்தான். தையல்காரர் கழுத்து டேப்பை உருவிக் கையில் சுற்றிக்கொண்டே எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

அவள் மாத்திரை அட்டையோடு முன்னறை நிலைப்படியில் நின்றாள். அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை.

"இதை யாரும் எழுதிக் குடுக்கலியே?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

அம்மா அப்பாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். வெகுநேரம் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, திரும்பாமலே, உள்ளங்கையை மட்டும் பின்பக்கமாக நீட்டினாள்.

அவள் கிட்டே போய் அட்டையை அழுத்தினாள். அந்த அமைதியில், தகடு கிழிகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.