இருவரிடமும் அடி வாங்கியவர்

1

இந்தக் கதை, நடக்காத ஒரு சண்டையிலிருந்து பிறந்தது. நான் வேலை பார்க்கும் விளையாட்டு வார இதழில் எனக்கு ஒரு தொடர் கொடுத்திருந்தார்கள். வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்கள் இருவரை, இருவருமே உச்சத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு, காகிதத்தில் மோதவிட வேண்டும். செத்தவரையும் எழுப்பிக் கொண்டுவரலாம். யாருக்கும் அடிபடாத ஒரே குத்துச்சண்டை இதுதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எட்டாவது வாரம் ‘கொல்லன்’, ‘கதவு’ இருவரின் முறை. கொல்லன் பட்டறையிலிருந்து வந்தவர். குள்ளம். குனிந்து உள்ளே நுழைந்து விலாவை உடைப்பவர். கதவு அவருக்குப் பதினைந்து வருடம் பிந்தியவர். ஆறரை அடி. அவருடைய நீண்ட இடது கையைத் தாண்டி யாரும் உள்ளே வந்ததில்லை, அதனால் அந்தப் பட்டப்பெயர். இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை.

ஆனால் இருவரிடமும் அடி வாங்கிய ஒருவர் இருந்தார். என் அக்காவின் கணவர்.

(இந்தக் கதைக்கு இதற்கு முன் வேறு தொடக்கங்கள் இருந்தன. “அத்தான் ஒரு மாவீரர்” என்று ஒன்று. “அத்தானின் கைகள்” என்று இன்னொன்று. அது அந்த இரண்டு சொல்லோடு நின்றுவிட்டது.)

2

அத்தான் சாம்பியன் இல்லை. சாம்பியன்கள் போட்டிக்குத் தயாராகும்போது, பயிற்சியில் எதிரே நின்று அடி வாங்கும் ஆள். இருபது வயதில் கொல்லனின் கடைசிக் காலத்துக்கு நின்றார். முப்பத்தைந்தில் கதவின் தொடக்கக் காலத்துக்கு. “எல்லாருக்கும் வேலை செஞ்சா கை வலிக்கும். எனக்கு மூஞ்சி வலிக்கும்” என்று சிரிப்பார். நான் குத்துச்சண்டை பற்றி எழுத வந்ததே அவரைப் பார்த்துத்தான்.

இப்போது அவருக்கு அறுபத்தாறு. கை நடுக்கத்தில் ஸ்பூன் நிற்காது. சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிடுவாள்.

ஒரு ஞாயிறு பிற்பகல் போனேன். அக்கா துவைத்த துணி வாளியோடு பால்கனிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“பழசு எதையும் கிளறாதே. அப்புறம் நாள் பூரா நான்தான் சமாளிக்கணும்.”

“சும்மா பேசிட்டிருக்கப் போறேன்க்கா.”

அவள் போனதும் கேட்டேன். “அத்தான், கொல்லனா, கதவா? யாரு அடி பலம்?”

“கொல்லன்தான். நெட்டையா நிப்பான். கிட்டவே போக முடியாது.”

“அது கதவு, அத்தான்.”

“ஆமா, கதவு. குனிஞ்சு வருவான்ல…” விலாவைத் தடவிக்கொண்டார். “ரெண்டு பேரும் ஒரே ஆளாத்தான் வர்றாங்கடா.”

உலகத்திலேயே அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருந்த ஒரே தலை அது. அந்த இருவரும் சேர்ந்துதான் அதைக் காலி செய்திருந்தார்கள்.

3

முதல் பிரதியில் இந்தப் பகுதி இப்படி இருந்தது: “நான் குறிப்பேட்டை மூடினேன். அவர் தோளில் கை வைத்து, போதும் அத்தான், என்றேன். இருவரும் ஜன்னல் வழியே வெளியே…”

பொய். எழுந்து நாற்காலியை ஓரமாகத் தள்ளினேன்.

“மண்டை மறந்தாலும் உடம்புக்கு ஞாபகம் இருக்கும், அத்தான். எந்திரிங்க.”

எழுந்தார். நான் கொல்லனைப் போலக் குனிந்து, விலாவைப் பார்த்துக் கையை வீசினேன், தொடவில்லை. அவர் முழங்கை சட்டென்று இறங்கி விலாவை மூடியது. ஸ்பூன் நிற்காத கை! குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். (ஆம், அவரை நிற்க வைத்துவிட்டு எழுதினேன்.) பிறகு கதவைப் போல நிமிர்ந்து, இடது கையை முகத்துக்கு நேரே ஓங்கினேன். இம்முறை அவர் தடுக்கவில்லை. இரண்டு கைகளையும் தொங்கவிட்டு, கண்ணை மூடி, முகத்தைக் கொடுத்தார்.

“அடிங்க சார். இன்னும் ரெண்டு ரவுண்டு நிப்பேன். ஆளை மாத்திடாதீங்க சார்.”

“அத்தான், நான்தான்…”

“நல்லாத்தான் இருக்கேன் சார். தலை சுத்தலை சார்.”

ஓங்கிய கையை இறக்கவும் தோன்றாமல் நின்றேன். ஈரத் துணியோடு உள்ளே வந்த அக்கா எங்களை அப்படித்தான் பார்த்தாள்.

அவள் கத்தவில்லை. “உக்காருங்க அத்தான்” என்று நான் கெஞ்சியதற்கு அவர் அசையவில்லை. “மணி அடிக்கலையே சார்” என்றார். அக்கா சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரும் ஸ்பூனும் எடுத்து வந்து, அவர் காதருகே டம்ளரை ஸ்பூனால் ஒரு தட்டுத் தட்டினாள். அத்தான் உடனே உட்கார்ந்து வாயைத் திறந்தார். அவள் தண்ணீர் புகட்டினாள்.

“தினமும் இப்படித்தானாக்கா?”

“வாரத்துல ரெண்டு மூணு தரம்.” அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். “தானா எந்திரிச்சு நின்னா அது அவரோட நோவு. நீ எழுப்பி நிக்க வெச்சிருக்கே.”

4

கட்டுரை வெளிவந்தது. ஒன்பதாவது ரவுண்டில் கொல்லன் வென்றார். எந்த அடிக்கு உடம்பு இன்னும் பயப்படுகிறதோ அதுவே பலமான அடி என்று வாதிட்டிருந்தேன். அத்தானை ‘முன்னாள் வீரர் ஒருவர்’ என்று குறிப்பிட்டேன். கடிதங்கள் குவிந்தன.

ஐந்து மாதத்தில் அத்தான் இறந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எழுதலாம், நான் சொல்வதை நீங்களும் நம்புவீர்கள். குளியலறையில் விழுந்து, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போனார்.

கூடத்தில் கிடத்தியிருந்தோம். பழைய பயிற்சியாளர் ஒருவர் வந்து, சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“கட்டுரை படிச்சேன் தம்பி. தப்பு. கதவுதான் ஜெயிச்சிருப்பான்.”

(‘நான் ஒன்றும் சொல்லவில்லை’ என்று இங்கே எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.)

“எப்படிங்க? கொல்லன் உள்ள நுழைஞ்சுட்டா கதவால என்ன பண்ண முடியும்?”

கால் அசைவு, கை நீளம், மூச்சு என்று பத்து நிமிடம் வாதாடினோம். என் குரல் உயர்ந்துகொண்டே போனது. கொல்லனின் அடி எந்த இடத்தில் விழும் என்று காட்டக் கையை நீட்டினேன். கிடந்தவரின் விலாவைத்தான் காட்டினேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

5

அவள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுத உட்காரும்போதெல்லாம் என் பேனா அதைக் கொஞ்சம் இளக்கிவிடுகிறது. கடைசியாக எழுதியதில் அவள் என்னை மன்னித்தே விட்டாள். அதையும் அடித்துவிட்டேன்.

அதனால் அந்த வரியை நீங்கள்தான் எழுத வேண்டும். குத்துச்சண்டை தெரிந்திருக்க வேண்டியதில்லை. புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, கை நீட்டியபடி நிற்கும் தன் தம்பியிடம் என்ன சொல்வாள் என்று தெரிந்தால் போதும்.

“டேய்” என்றுதான் தொடங்கினாள்.