மேலே விழும் தண்ணீர்

உருளைக்கிழங்கு அறுவடை மழையில் கெட்ட ஆண்டில், ரோலன்ட் மிஷோவின் வீட்டுக் குழாயில் தண்ணீர் மேல்நோக்கி விழத் தொடங்கியது. திறந்தால் நேராகக் கூரைக்குப் போய்த் தேங்கி, மெல்ல நகர்ந்து, ஜன்னல் வழியாக வெளியேறியது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், வடக்கே இருக்கும் ஹார்லோ என்ற ஊரில் வீட்டுக்கு வீடு சொந்த ஆழ்துளைக் கிணறு உண்டு. அடுத்தவர் கிணற்றை விசாரிப்பது அங்கே அடுத்தவர் சம்பளத்தை விசாரிப்பதற்குச் சமம். அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. ரோலன்டும் டம்ளரைக் கவிழ்த்துப் பிடிக்கப் பழகிக்கொண்டார். தொண்டையைத் தாண்டியதும் அது எல்லாத் தண்ணீரையும்போல ஒழுங்காக நடந்துகொண்டது.

அவருடைய மகள் டெனிஸ், பிரசவத்துக்குப் பிறகு குழந்தையோடு வந்து அவருடனேயே தங்குவதாக இருந்தது. மனைவி போன பிறகு அந்த வீட்டில் நடந்த ஒரே ஏற்பாடு அதுதான். ஓர் அறைக்கு அவர் மஞ்சள் வண்ணம்கூட அடித்துவைத்திருந்தார். டெனிஸ் போனில் சொன்னாள்: "தண்ணிய சரிபண்ணாம நான் பிள்ளையத் தூக்கிட்டு அங்க வரமாட்டேம்ப்பா."

ரோலன்ட் ஆள் தேடினார். முதலில் வந்த, தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்கும் கிப் ஹாஸ்கல், இலவசப் பரிசோதனை என்று கவிழ்ந்த டம்ளரில் ஏதோ சொட்டுவிட்டார். அந்த வட்டாரத்தின் எல்லாத் தண்ணீரும் அவருக்குப் பழுப்பாவதுபோல இதுவும் பழுப்பானது. உப்பு மூட்டையோடு, கடினநீரை மென்மையாக்கும் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார். தண்ணீர் மென்மையாக மேலே போனது. அடுத்தவர் புறஊதா விளக்கு வைத்தார். கிருமியில்லாமல் மேலே போனது. மூன்றாமவர் கிணற்றில் குளோரின் கொட்டினார். கூரை வெளுத்தது. மூவரும் நல்ல மனிதர்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள்.

தேவாலயத்தில் காப்பி குடிக்கையில் பக்கத்துப் பண்ணை ஜெரார்ட் சீண்டினார். "எங்க தாத்தா தொண்ணூறு வயசுவரைக்கும் இந்தத் தண்ணியத்தான் குடிச்சாரு. உன் தண்ணிக்குத் தலைக்கனம்யா, வேறொண்ணுமில்ல."

நான்காவதாக வந்த அனெட் ஸ்பூனர் எதையும் விற்கவில்லை. பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து நிரப்பி, மூடி, ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுப் போனார். முடிவு வந்த பிறகுதான் சமையலறையில் உட்கார்ந்தார்.

"மேல போறதுக்கு எங்கிட்ட வைத்தியம் இல்ல மிஷோ சார். அதனால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. இதுல ஆர்சனிக் இருக்கு, அனுமதிச்ச அளவைவிட அஞ்சு மடங்கு. அது ஆளைக் கொல்லும்."

"வாடை ஒண்ணும் இல்லியேம்மா."

"இருக்காது. நிறமும் இருக்காது. அதான் யாரும் கேக்கறதில்ல."

"எவ்வளவு நாளா?"

"பாறையிலேர்ந்துதான் ஊறி வருது. பாறை உண்டான நாள்லேர்ந்து."

ரோலன்ட் கூரையை அண்ணாந்து பார்த்தார். இத்தனை காலமும் அவர் தண்ணீர் போகும் திசையை மட்டுமே கவனித்திருந்தார்.

அனெட், ரோலன்டின் வீட்டுக்கு அடியில் இரண்டு வடிகட்டித் தொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நடுவில் சோதித்துப் பார்க்கச் சிறு குழாய் ஒன்றும் வைத்தார். மறுபடி ஆய்வகம், இந்த முறை ஆர்சனிக் இல்லை. அதே வாரம் ஜெரார்ட், தான் கூப்பிட்டதாக யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அனெட்டை வரவழைத்தார்.

"இன்னும் மேலதான் போகுதா?" என்று போனில் கேட்டாள் டெனிஸ்.

"மேலதான் போகுது. ஆனா இப்ப குடிக்கலாம்."

"சரிப்பா, வர்றேன்."

வசந்தத்தில் குழந்தையோடு வந்தாள். அந்தத் தண்ணீரில் கரைத்த பாலுக்குப் புட்டியைக் குழந்தையின் மோவாய்க்குக் கீழே பிடிக்கவேண்டும்; பால் காற்று புகாமல் தானாக ஏறி வாய்க்குப் போனது. எடை பார்க்க வந்த செவிலி, குழந்தைக்கு வாயுத்தொல்லையே இல்லையே என்று வியந்து, புட்டி எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டுக்கொண்டு போனார்.