ஆண்டவருக்கு எடுத்துவைத்த மெஷின்

சலூன்காரரிடம் முடி வெட்டும் மெஷின்கள் இரண்டு இருந்தன. புதியது கடையில் கண்ணாடிக்குக் கீழே உறை போட்டு இருக்கும். அதைச் சொந்த மைத்துனரைக்கூட அவர் தொடவிட மாட்டார். பழையது பிளேடு மழுங்கி, வெட்டுவதைவிட அதிகமாகப் பிடுங்க ஆரம்பித்துவிட்டது. தூக்கிப்போட மனம் வராமல், ஊழியத்துக்கென்று ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, கடைக்கு லீவு விடும் நாளில், அந்தப் பையோடு முதியோர் இல்லத்துக்குப் போய் இலவசமாக முடி வெட்டிவிட்டு வருவார்.

"கடைக்கு ஆகாதத ஆண்டவருக்குக் கொண்டுபோறீங்களே," என்று மனைவி ஒருமுறை கேட்டாள். அங்கே இருக்கிறவர்களுக்கு இருப்பதே நாலு முடி, அதற்குப் புது மெஷின் ஒன்றுதான் கேடு என்று அவள் வாயை அடைத்துவிட்டார். அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். நியாயம் எதிராளி பக்கம் இருந்தால் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

இல்லத்தில் ஜன்னலோரக் கட்டிலில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது, ஒரு கைதான் வேலை செய்யும். போன மாதம் முடி வெட்டும்போது அவர் கண்கள் நிறைந்து வழிந்தன. சலூன்காரருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்த ஞாயிறே சபையில் எழுந்து சாட்சி சொன்னார். பேச முடியாத ஒரு மனிதர் தேவனுடைய அன்பை உணர்ந்து அழுதார் என்று சொல்லும்போதே அவர் குரலும் தழுதழுத்தது. பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மனமுவந்து செய்கிற ஊழியம் என்றால் இதுதான் என்றார் போதகர். மற்ற சபைகளிலிருந்தும் ஆட்கள் வரும் ஆண்டுவிழாவில் இதை மறுபடி சொல்லும்படி கேட்டுக்கொண்டார். சலூன்காரர் அதற்கென்று புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார்.

விழாவுக்கு முந்தின திங்கட்கிழமை வழக்கம்போல இல்லத்துக்குப் போனார். உண்மையைச் சொன்னால், லீவு நாளில் தூக்கம் கெட்டதே என்று முணுமுணுத்துக்கொண்டுதான் போனார். கட்டிலருகே உட்கார்ந்து பையின் ஜிப்பைத் திறந்தார். உடனே தபால்காரரின் நல்ல கை போய்க் கட்டில் கம்பியை இறுகப் பிடித்தது. விரல் முட்டிகள் வெளுத்தன. பிறகு அவராகவே தலையைக் குனிந்து கொடுத்தார்.

"நீங்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் இப்படிப் பிடிச்சுக்கிறாரு," என்றாள் பக்கத்துக் கட்டிலில் போர்வை மடித்துக்கொண்டிருந்த நர்ஸ். "ஊசி போட்டாக்கூட இப்படிப் பண்ண மாட்டாரு. ஏன்னுதான் தெரியல."

சலூன்காரருக்குத் தெரிந்துவிட்டது. மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். நேரே கடைக்குப் போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பழைய மெஷினைத் தன் பிடரியிலேயே வைத்து ஓட்டினார். சுரீர் என்றது. நிமிர்ந்தால், கண்ணாடியில் அவர் கண்கள் நிறைந்திருந்தன. சாட்சியில் உருகி உருகிச் சொன்ன அதே கண்ணீர்.

தன் முகத்தைத் தானே பார்க்க வெட்கமாக இருந்தது. துண்டை எடுத்துக் கண்ணாடி மேல் போட்டார். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, "ஆண்டவரே, எனக்கு மனசே இல்ல. இருக்கிற மாதிரி நடிச்சிட்டேன். நீங்க குடுத்தாத்தான் உண்டு," என்றார். எத்தனையோ கூட்டங்களில் நீட்டி முழக்கி ஜெபித்தவருக்கு அன்று அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

விழாவன்று போதகர் அவரை மேடைக்கு அழைத்தார். புதுச் சட்டை கழுத்தை அறுத்தது.

"அந்தப் பெரியவர் ஆண்டவர நெனச்சு அழல," என்றார். "என் மெஷின் முடியப் பிடுங்குச்சு, வலியில அழுதாரு. நல்ல மெஷின் கடையில சும்மாதான் இருந்துச்சு."

முன் வரிசையில் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். போதகர் அவர் தோளில் கை போட்டு, எவ்வளவு தாழ்மை பாருங்கள் என்றார். கூட்டம் முழுக்க ஆமென் என்றது. சலூன்காரருக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. வெட்கப்பட்டதற்கும் பாராட்டு வாங்கியாயிற்று. மனைவி மட்டும் ஆமென் சொல்லாமல் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விருந்துக்கு அவர் நிற்கவில்லை. கடையைத் திறந்து, புது மெஷினை உறையோடு அந்தப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனார். வழியில் ஒருமுறைகூட முணுமுணுக்கவில்லை என்பது கட்டிலருகே போன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

ஜிப் சத்தம் கேட்டதும் கை கம்பிக்குப் போனது.

"இது வேற மெஷின், ஐயா. வலிக்காது."

பெரியவர் நம்பவில்லை. எதை வைத்து நம்புவார்? நம்பாமலேயே தலையைக் குனிந்து கொடுத்தார். மெஷின் வழுக்கிக்கொண்டு ஓடியது. வெட்டிய முடி புதுச் சட்டையெல்லாம் கொட்டியது. பெரியவர் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆனால், வெட்டி முடிக்கும்வரை அந்தக் கை கம்பியை விடவேயில்லை.