கயிற்றின் மறுமுனை

விடியற்காலை ஐந்தரை. பெயின்ட் ஆலையின் முற்றத்தில் தீயணைப்புப் பிரிவினர் தண்ணீர் ஏறிய ஹோஸைத் தோளில் போட்டு இழுத்தார்கள். சட்டைக்குள் தோல் உரசி எரிந்தது.

அடைக்கலம் முன்னால் நின்றார். ஒரு காலத்தில் ஹோஸ் இழுக்க வந்தவர். இப்போது பிரிவுக்கு ஆபீசர். தலையில் வெள்ளை ஹெல்மெட். இரண்டு காது மடல்களும் பழைய தீயில் சுருங்கியவை. ஸ்ரீரங்கத்திலிருந்து வேலைக்கு வரும்போது பாலக்கரையைத் தவிர்த்துச் சுற்றி வருகிறார். அங்கே அவரோடு ஹோஸ் இழுத்த கிளமென்ட்டின் வீடு இருக்கிறது.

மார்கழியில் தின்னர் கோடவுன் எரிந்தபோது கிளமென்ட் உள்ளே போனான். இடுப்பில் கயிறு. வெளியே அதைப் பிடித்திருந்தவர் அடைக்கலம். ஒரு இழுப்பு என்றால் நலம். மூன்று என்றால், என்னை இழு. மூன்று வந்தது. இழுத்தார். கருகிய முனைதான் வந்தது. அவன் முகமூடியில் காற்று கசிந்திருந்தது என்று பிறகு தெரிந்தது.

அடுத்த மாதம் வெள்ளை ஹெல்மெட் வந்தது. புது முகமூடிகள் வரவில்லை. கயிற்றைத் தொட்டாலே அடைக்கலத்தின் உள்ளங்கை மூன்று முறை அதிர்கிறது.

இன்று அந்தக் கோடவுனை மறுபடி திறக்கிறார்கள். ஒத்திகைக்காக உள்ளே ஈரச் சாக்கைக் கொளுத்திப் புகை போட்டிருந்தார்கள்.

"பத்து மணிக்கு இன்ஷூரன்ஸ்காரங்க வராங்க," என்றார் மேனேஜர் பீமராவ். "இப்பவே ஒரு தடவை செஞ்சு பாத்துடுவோம். வளவன் உள்ள போகட்டும்."

இடுப்பில் கயிற்றோடு நின்ற வளவன் முகமூடியைத் திருப்பிக் காட்டினான். ரப்பர் வெடித்திருந்தது.

"இதுக்கு எங்க வீட்டுத் துண்டே தேவலை சார்."

"சாக்குப் புகைக்கே பயமா? அடைக்கலம், சொல்லுங்க அவன்கிட்ட. உங்கள ஆபீசராக்கினது எதுக்கு?"

"அன்னைக்கும் முதல்ல புகைதான் சார் வந்துச்சு." அடைக்கலம் திரும்பினார். "கயித்துக் கொக்கியக் கழட்டு வளவா."

வளவன் கழற்றிப் புகைக்குள் எறிந்தான். மறுமுனை அடைக்கலத்தின் கையில் இருந்தது.

"புது முகமூடி வர்ற வரைக்கும் யாரும் உள்ள போக மாட்டோம் சார்."

"வேலை போயிடும். உங்களுக்கும்தான்."

"தெரியும் சார்."

உள்ளங்கை அதிர்ந்தது. மூன்று முறை. அடைக்கலத்தின் முகம் வெளுத்தது. வளவன் வந்து கயிற்றைப் பிடித்தான்.

"எனக்கும் இழுக்குதுண்ணே."

மற்றவர்கள் ஹோஸைக் கீழே போட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து பிடித்தார்கள். காலை ஷிஃப்டுக்கு வந்தவர்கள் கேட் அருகே நின்று பார்த்தார்கள். சிலர் டிபன் பையைத் தரையில் வைத்துவிட்டு வந்து வால்பக்கம் சேர்ந்துகொண்டார்கள். புகைக்குள் யாரும் இல்லை. கயிறு விறைத்து நின்றது.

பீமராவ் ஓரடி பின்வாங்கினார்.

அடைக்கலம் தன் கைக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டுக் கயிற்றை அவர் பக்கம் நீட்டினார்.

"நீங்களும் புடிச்சுப் பாருங்க சார். இழுக்குதா?"