திறந்து பார்க்காத பேக்கப்

அக்காவின் கடையில் செய்யும் செருப்புகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒரு கால் குட்டையானவர்கள், பாதம் வளைந்தவர்கள், விபத்தில் விரலை இழந்தவர்கள் என்று வருபவர்களுக்கு இடது காலுக்கு ஓர் அளவு, வலதுக்கு வேறு. அந்த அளவுகளெல்லாம் கடையின் இணையதளத்தில்தான் இருந்தன. தளம் தம்பியின் பொறுப்பு. "நீ பார்த்தா நான் பார்த்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அக்கா அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். எப்போதாவது, "பேக்கப் எடுக்குதாடா?" என்பாள்.

"அது தானா எடுக்கும்க்கா" என்பான் அவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தானாகத்தான் எடுத்தது. எல்லா அளவுகளுக்கும் நகலாக தினமும் ஒரு கோப்பு, தேதி போட்டு, லட்சணமாக. தளத்துக்குப் புது வேஷம் கட்டப்போய் அளவுகள் இருந்த டேட்டாபேஸை அடியோடு அழித்துத் தொலைத்த அன்று, அவன் அலட்டிக்கொள்ளாமல் முந்தைய நாள் கோப்பைத் திறந்தான். உள்ளே ஒரே வரி: பாஸ்வேர்ட் தவறு. மற்ற கோப்புகளிலும் அதே வரி. பாதுகாப்புக்கென்று பாஸ்வேர்டை மாற்றிய மேதாவி அவனேதான். புதியதை பேக்கப்புக்குச் சொல்லிவைக்க மறந்துவிட்டான். இடத்தை அடைக்கிறதென்று பழைய கோப்புகள் தானாக அழியும்படி செய்து வைத்ததும் சாட்சாத் அவனே.

அவன் முகத்தையும் காலியான திரையையும் பார்த்து அக்கா பதறினாள். "அளவையெல்லாம் சர்வர் கம்பெனிக்காரன் தொலைச்சுட்டானா?"

இல்லையென்று சொல்ல ஒரு நொடி போதும். அவன் ஆமென்று தலையாட்டிவிட்டான்.

அதன்பின் அக்கா ஒவ்வொருவருக்காகப் போன் செய்தாள். "சர்வர்காரங்க எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க. இன்னொரு தடவை வந்து அளவு குடுத்துட்டுப் போறீங்களா? என் தம்பி பாவம், சாப்பிடாமகூட உக்காந்து பார்த்தான்." பக்கத்து அறையில் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கணுக்கால் மடங்காத பழைய பஸ் டிரைவர் ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்தார். முக்காலியில் பாதத்தைத் தூக்கி வைக்கவே மூச்சு வாங்கியது. அக்கா அளந்து சொல்லச் சொல்ல அவன் துண்டுச்சீட்டில் எழுதினான்.

"உன்னைத்தான் ரொம்பப் படுத்திட்டாங்களாமே தம்பி" என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"அக்கா, கம்பெனிக்காரன் மேல தப்பில்ல. நான்தான் அழிச்சேன். பேக்கப்பும் இல்ல."

அக்கா அளவு நாடாவைச் சுருட்டினாள். "தெரியும். அவங்களைத் திட்டலாம்னு அன்னிக்கே போன் போட்டேன். அவங்களே சொன்னாங்க."

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் அப்படிச் சொன்ன?"

"நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். அதுவரைக்கும் எதையாவது சொல்லணுமில்ல."

நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவனால் அக்காவும் பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அன்று மாலை டிரைவரின் அளவுகளை ஏற்றி, புதிதாக பேக்கப் எடுத்தான். சர்வரிலேயே விடாமல் ஒரு பிரதியை வீட்டுக்கும் கொண்டுவந்தான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அதைத் திறந்து, எல்லாம் திரும்ப வருகிறதா என்றும் பார்த்தான்.

"எல்லாம் சரியா இருக்குக்கா."

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். துண்டுச்சீட்டை எடுத்து வந்து, அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டிரைவரோட வலது காலைக் காட்டு."

காட்டினான். திரையையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துச் சரிபார்த்தாள்.

"சரி. இடது காலு" என்றாள்.